கொழும்பார் வீட்டுக்காரரின் கொழும்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

நாங்குநேரிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் எங்கள் வீட்டைக் ‘கொழும்பார் வீடு’ என்றுதான் சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கொழும்பைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இருந்ததில்லை. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் என் தாத்தாவின் தந்தை, என் பூட்டனார். 1920களின் தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்துக்குக் கரி சுமக்கப் போனவர், இடையில் எப்போதாவது ஊருக்கு வந்து போய், 1946இல் அங்கேயே இறந்துவிட்டார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் வயலும், தகரப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு கட்டு அஞ்சலட்டைகளும்தான் அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியவை. பூட்டனாருக்கு எழுதத் தெரியாது. யாரையோ கொண்டு எழுதுவித்த அட்டைகள் அவை. எல்லாவற்றிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்த ஒரு மளிகைக் கடையின் முகவரி இருக்கிறது. பணி ஓய்வு பெற்றபின் அந்தத் தெருவையாவது ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அதற்கு மேல் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

கொச்சிக்கடைக்கு அருகில் ஒரு சிறிய விடுதியில் அறை கிடைத்தது. மாலை ஆறு மணிக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் பக்கத்தில் இருந்தும் காற்று தெருவுக்குள் வர மறுத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் போன கடையில் அப்பம் கேட்டேன். பரிமாறியவர் நான் கேளாமலே வடையும் ரோல்ஸும் கட்லட்டும் நிறைந்த தட்டொன்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அத்தனையும் என் கணக்கில் ஏறிவிடுமோ என்று நான் விழிப்பதைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர், “தின்னதுக்கு மட்டும்தான் காசு ஐயா, பார்த்ததுக்கு இல்ல” என்றார். தேங்காய்ச் சம்பலுக்குப் பதிலாக வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டச்சம்பல்தான் வந்தது. காரணம் கேட்டபோது, தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்கு விற்கிறது என்றார்கள். கை துடைக்கக் கொடுத்த தாள், யாரோ ஒரு பிள்ளை பின்னக் கணக்குப் போட்டுப் பார்த்த கொப்பியிலிருந்து வெட்டியது. முட்டை அப்பமும் பிளேன்டீயும் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடிந்தது, அதாவது நம் பணத்தில் 90 ரூபாய்க்குள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று இலங்கையின் சுதந்திர தினம். அலுவலகம் எதுவும் திறக்காது என்று தெரிந்தே இந்த நாளைத் தெருவுக்கென்று ஒதுக்கியிருந்தேன். செவ்வாய்க்கிழமையாகவும் அமைந்ததால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சுற்றி நடக்க இடமில்லை. செவ்வாய்தோறும் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் நேர்ச்சைக்கு வருகிற கோயில் இது. வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக முடியும். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று இங்கே குண்டு வெடித்து மக்கள் இறந்ததற்குப் பிறகு வந்த ஏற்பாடு. எனக்கு முன்னால் நெற்றி நிறைய நீறு பூசிய ஒரு பெண் மெழுகுதிரிக் கட்டோடு நின்றார். அந்தோனியாரிடம் முடித்துக்கொண்டு, அருகிலேயே இருக்கும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் போகப் போவதாகச் சொன்னார். பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய அந்தக் கோயிலுக்குள் நுழைந்தபோதுதான் இன்றைக்கு முதல்முறையாக உடம்பு குளிர்ந்தது. கரி சுமந்த ஒருவர் வேலையில்லாத நாளில் இந்த இரண்டில் எங்கே போய் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஜம்பட்டா வீதியில் அட்டையில் கண்ட எண்ணுக்குரிய இடத்தில் இப்போது பிளாஸ்டிக் வாளியும் கதிரையும் விற்கிறார்கள். விடுமுறை நாளிலும் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்த முதலாளி, என் கதையைக் கேட்பதற்கு முன் ஒரு கதிரையின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து உட்காரச் சொன்னார். “இது எங்கட வாப்பா எண்பத்தஞ்சுல வாங்கின கடை. அதுக்கு முந்தி ஒரு செட்டியார்ட மளிகையாம். வேற தெரியாது” என்றவர், அத்தோடு விட்டுவிடாமல் பையனை அனுப்பி, சந்தில் துணி தேய்க்கும் முதியவர் ஒருவரைக் கூட்டி வரச் செய்தார். தொண்ணூறை நெருங்கும் வயது அவருக்கு. என் கைப்பேசியிலிருந்த அட்டைப் படத்தைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்பக்கம் ஒரு தோட்டம் இருந்தது என்றார். கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி இல்லை. ஒரு பொதுக் குழாயைச் சுற்றி வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். அந்தத் தோட்டத்தில் ஹாபர், அதாவது துறைமுக, வேலைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், தான் சிறுவன், பெயர்கள் நினைவில்லை என்றார். ஆனால் படத்தைத் தன் பேரனின் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். கடைக்காரர் வரவழைத்த தேநீருக்கு நான் காசு எடுத்தபோது இருவருமே முகம் சுளித்தார்கள்.

பிப்ரவரி 5, புதன்

கொழும்பின் கறுவாத்தோட்டப் பகுதியில் இருக்கும் தேசியச் சுவடிகள் காப்பகத்தில் இன்றைய பொழுது போயிற்று. மூதாதையைத் தேடி வருகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்ல முடியும்: உங்கள் பாட்டனார் முதலியார் பட்டம் பெற்ற அதிகாரியாகவோ நிலச்சுவான்தாராகவோ இருந்தால் காகிதம் உங்களைத் தேடி வரும், சாக்கு சுமந்தவராக இருந்தால் நீங்கள் காகிதத்தின் ஓரங்களில்தான் அவரைத் தேட வேண்டும். மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றியாவது எழுதி வைத்திருக்கிறார்கள். 1904இல் தோட்டத்துரைமார் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையம் ஒன்றை நிறுவி ஆள் சேர்த்தார்கள். ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி, கடனை அடைத்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக் கொடுத்த துண்டு, அடையாளத்துக்கான தகரச் சீட்டு, கப்பலேறுமுன் தங்கவைத்த மண்டபம் முகாம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பதிவு உண்டு. 1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவரும் கண்டியில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். என் பூட்டனாரைப் போலச் சொந்தக் காசில் சீட்டு வாங்கி, தெரிந்தவர் ஒருவரின் பின்னால் நகரத்துக்கு வந்தவர்களை இந்த அறிக்கைகள் மொத்தமாக ஒரு பத்தியில் கடந்து போகின்றன. கப்பல் கம்பெனிக்கு ஒப்பந்தக்காரரைத் தெரியும், ஒப்பந்தக்காரருக்குக் கங்காணியைத் தெரியும், கங்காணிக்கு மட்டும்தான் இவரைத் தெரியும்.

பெயர் கிடைக்கவில்லை என்றாலும் காலம் கிடைத்தது. ஏ. ஈ. குணசிங்க 1922இல் தொடங்கிய தொழிற்சங்கத்தின் கீழ் 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 1927இல் துறைமுகமே நின்றது. 1929இல் ட்ராம் ஊழியர்களின் போராட்டம் மருதானையில் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து நின்ற போராட்டங்கள் அவை. 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் அதே குணசிங்க, இந்தியர்கள், குறிப்பாக மலையாளிகள், உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பேசத் தொடங்கினார். 1939இல் அரசாங்கமே அந்த வழிக்கு வந்தது. 1934 மார்ச் 31க்குப் பிறகு அரசுத் திணைக்களங்களில் நாட்கூலிக்குச் சேர்ந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஜூலையில் நேரு நேரில் வந்து பேசியும் பயனில்லை. அவர் வந்த நாட்களில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது மட்டும் மிச்சம். பதிலடியாக இந்திய அரசு, ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குக் கப்பலேறுவதைத் தடைசெய்தது. ஊரைப் பார்த்துவர இந்தியா போன தொழிலாளியும் அந்தத் தடையில் சிக்கினார். போனால் திரும்ப முடியாது.

இந்த இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. 1940 ஆவணியில் என் தாத்தாவுக்குக் கல்யாணம். பெற்ற தகப்பன் வரவில்லை. ‘வர இயலாது, பணம் அனுப்பியிருக்கிறது’ என்று ஓர் அட்டை மட்டும் வந்தது. தாய்மாமன் முன்னின்று நடத்திய அந்தக் கல்யாணத்தைப் பற்றித் தாத்தா எண்பது வயது வரைக்கும் கசப்பில்லாமல் பேசியதில்லை. கரி வேலை தனியார் கையில் இருந்ததால் 1939இல் பூட்டனாரின் வேலை தப்பியிருக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தால் வயலுக்குப் பணம் ஏது என்று அன்றைக்கு யாரும் தாத்தாவுக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களுக்கே இந்தத் தடை பற்றித் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

மதியம் அருகிலிருந்த கடையில் சோறும் கறியும் சாப்பிட்டேன். பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் நன்றாக இருந்தன; சொதிதான் தேங்காய் விலையைச் சொல்லிக்கொண்டு தண்ணீராக ஓடியது.

பிப்ரவரி 6, வியாழன்

துறைமுகத்துக்குள் வெளியாரை விடமாட்டார்கள். கோட்டைப் பகுதியில் துறைமுகத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு பழைய ஹோட்டலின் மேல்மாடியில், ஒரு தேநீருக்கு நேற்றைய இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பளுதூக்கிகளும் அடுக்கிய கொள்கலன்களும் தெரிகின்றனவே தவிர ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை.

தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் வேலை முடிந்தது. அதற்குமுன் திறந்த கடலாகக் கிடந்த இடம், சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றிக்கொள்ளும் பெரிய நிலையமாயிற்று. கப்பல்கள் கரையை அணையாமல் நடுத்துறையிலேயே நங்கூரமிடும். கரி, மூட்டைகளாகத் தட்டைப் படகில் போகும். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே சாய்த்துப் போட்ட பலகையில் ஒருவர் பின் ஒருவராக மூட்டையோடு ஏறி, கரி அறையின் வாயில் கொட்டிவிட்டு, இன்னொரு பலகை வழியாக இறங்கி வர வேண்டும். படகு அலையில் ஆடும், பலகையும் ஆடும். கப்பல் குறித்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பதால் இராத்திரியிலும் விளக்கு வைத்து வேலை நடக்கும். கரித்தூள் உள்ளே வராமலிருக்கப் பயணிகளின் அறைச் ஜன்னல்களை அடைத்து வைப்பார்கள். வெளியே நின்றவர்களுக்கு அடைக்க ஒன்றுமில்லை. பூட்டனார் ஊருக்கு வந்தால், குளித்து மூன்றாம் நாளும் துண்டில் கருப்பு ஒட்டும் என்று ஊரிலிருந்த அவர் மனைவி, என் பூட்டி, சொன்னதாக என் அப்பா சொல்வார்.

கப்பல்கள் எண்ணெய்க்கு மாற மாற இந்த வேலை சுருங்கியது. 1954இல் கப்பல்கள் நேராக வந்து அணையும் எலிசபெத் மகாராணி மேடை திறக்கப்பட்டது. 1958இல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைகளை அரசாங்கக் கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. இரண்டையும் பார்க்கப் பூட்டனார் இல்லை. ஆனால் 1942 ஏப்ரல் 5ஐப் பார்த்திருக்கிறார். அதுவும் உயிர்த்த ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டன. டெனிடோஸ் என்ற போர்க்கப்பலும் ஹெக்டர் என்ற கப்பலும் மூழ்கின. அதன் பிறகு இந்தியத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்பைவிட்டு வெளியேறினார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த அட்டையில் குண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘இவ்விடம் சுகம், மழை இல்லை’ என்றிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

மாதம்பிட்டி மயானத்துக்குப் போய் வந்தேன். வட கொழும்பில் இறந்த ஏழைகளுக்குப் பெரும்பாலும் அந்த இடம்தான் என்று கேள்வி. 1946இல் புதைத்த ஒரு கூலித் தொழிலாளிக்குக் கல் இருக்காது என்பது போகும்போதே தெரியும். காவலாளி அதையே மிகுந்த மரியாதையோடு சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். திரும்பும் வழியில் செவ்விளநீர் குடித்தேன். ஓட்டோக்காரர் மீட்டர் போட மறந்துவிட்டதாகச் சொல்லி இரண்டு மடங்கு கேட்டார். நான் திருநெல்வேலித் தமிழில் வாதாட, அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நூறு ரூபாயைக் குறைத்தார்.

இரவு ஒன்பது மணிக்குத் தேய்ப்புக் கடை முதியவரின் பேரன் அழைத்தான். அட்டையில் இருக்கும் பெயரைக் கேட்டு ஒரு அம்மா அழுகிறார் என்றும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாப்பாட்டுக்கு வர முடியுமா என்று கேட்கிறார் என்றும் சொன்னான்.

பிப்ரவரி 8, சனி

வயிறு சரியில்லை. பாணும் பிளேன்டீயும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

புனித லூசியா பேராலயத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் குடியிருப்பு. படியேறி நான் கதவைத் தட்டியபோது மணி பதினொன்றரை இருக்கும். கதவு திறந்ததும் உள்ளே மின்விசிறி நின்றது. முதலில் அந்த வீட்டில் மட்டும் என்று நினைத்தோம், பிறகு தெருவில் என்றார்கள், கடைசியில் நாடு முழுவதும் இல்லை என்று தெரிந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதாகச் செய்தி வந்தபோது, வீட்டிலிருந்த பிள்ளைகள் அந்தக் குரங்கைப் பற்றிய கேலிப் படங்களை ஒருவருக்கொருவர் காட்டத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் மோட்டாரும் நின்றுவிட்டதால் கை கழுவச் செம்பில் மொண்டு ஊற்றினார்கள். நல்லவேளையாக அடுப்பு எரிவாயு அடுப்பு.

அழுத அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. அவருடைய தாய் 1934இல் பிறந்தவர். அந்தத் தாயின் தகப்பனார், கரி வேலை செய்த, நாங்குநேரிப் பக்கத்து மனிதர். பூட்டனாருக்குக் கொழும்பில் ஒரு குடும்பம் இருந்தது. நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். கூடத்திலிருந்த எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேனோ என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். அந்த மௌனத்தை உடைத்தது முறைக் கணக்கு. என் தாத்தாவின் தங்கை மகள் என்றால் என் அப்பாவுக்கு அத்தை மகள். அப்பாவுக்கு அத்தை மகள் என்றால் எனக்குச் சின்னம்மா முறை. என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர். “அப்ப நீங்க எனக்கு மகனா?” என்று என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்தவர், அதற்குப் பிறகு சாயங்காலம் வரை என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை, மகன்தான்.

அவருடைய பாட்டி மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், ஜம்பட்டா வீதித் தோட்டத்தில் துணி தைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். பூட்டனார் மதம் மாறவில்லை, அதனால் கோயிலில் கல்யாணம் எழுதவில்லை, பதிவும் செய்யவில்லை. பிறந்த மகளின் பிறப்புச் சான்றில் தாயின் பெயர் மட்டும் ஏறியது. அதனால் தெருவில் பட்ட அவமானம் கொஞ்சமல்ல என்று சின்னம்மா சொன்னார். ஆனால் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இலங்கையில் பிறந்தவரா என்று எல்லாரையும் கேட்டபோது, தாய்வழியில் காட்ட மன்னார் இருந்ததால் இந்தப் பிள்ளை தப்பித்தது. பக்கத்து அறைகளில் முறைப்படி தாலி கட்டி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாடற்றவர்களாகி, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

சாப்பாடு வந்தது. சோறு, பாரை மீன் குழம்பு, பருப்பு, அப்பளம், அத்தனை விலை விற்கும் தேங்காயில் தாராளமாக ஒரு சம்பல். புழுக்கத்தில் எல்லாருக்கும் வியர்வை வழிந்தது. ஒரு பேத்தி என் பின்னால் நின்று நாட்காட்டி அட்டையால் விசிறினாள். சின்னம்மாவின் மகன் துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குகிறார். உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து இரண்டு பிடிகளைத் தள்ளினால் போதும், கொள்கலன் கப்பலிலிருந்து எழுந்து வரும் என்றார். நான் பலகையையும் மூட்டையையும் சொன்னேன். மூட்டை எவ்வளவு கனம் இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

சாப்பிட்ட பிறகு சின்னம்மா ஒரு கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்தார். 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டைவிட்டு ஓடியபோது, பிறப்புச் சான்றுகளோடும் செபப் புத்தகத்தோடும் ஒரே பையில் இருந்ததால் இது பிழைத்தது. படங்கள் எல்லாம் போயின. அவர் பாட்டியின் கையெழுத்து. ஜன்னலோர வெளிச்சத்தில் பக்கத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், நடுவில், ஒரு சின்னச் சிலுவைக் குறி. அதன் கீழே அறை வாடகை, அரிசி, மண்ணெண்ணெய், நூல், மெழுகுதிரி. எங்கள் பெட்டியில் இருக்கும் அட்டைகளிலும் தலையில் நடுவாக அதே குறி உண்டு. அஞ்சல் குமாஸ்தா போட்ட கூட்டல் குறி என்று நாங்கள் மூன்று தலைமுறையாக நினைத்திருந்தோம். கைப்பேசியில் அட்டைப் படத்தை எடுத்துக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். ‘கொ’ எழுதும்போது கொம்பு கோட்டுக்குக் கீழே இறங்கி, வாலைச் சுருட்டிக்கொள்ளும் அதே வளைவு. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பூட்டிக்கு வந்த கடிதங்களை எழுதியது இந்த அம்மாள்தான்.

கொப்பியில் மாதம் தவறாமல் ‘ஊருக்கு’ என்று ஒரு வரி வருகிறது. எட்டு ரூபாய், பத்து ரூபாய், ஒரு மாதம் மூன்று ரூபாய். அந்த மூன்று ரூபாய் மாதத்தில் மெழுகுதிரி வரி இல்லை. ஓர் ஐப்பசியில் ‘அக்காவுக்குச் சேலை’ என்றிருக்கிறது. கொழும்புச் சீலை என்று பூட்டி ஒன்றைப் பெட்டியில் பொத்தி வைத்திருந்து, தன்னை எடுத்துப் போகும்போது அதைத்தான் உடுத்த வேண்டும் என்று சொல்லி, அப்படியே நடந்ததை என் அப்பா சிறுபிள்ளையாகப் பார்த்திருக்கிறார். எங்கள் வயல் வந்த வழியைப் பற்றி ஊரில் நாங்கள் சொல்லும் கதையில் ஓர் ஆள் கரி சுமப்பார், அவ்வளவுதான். இன்னொருவர் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பிள்ளைக்குப் பால்மா வாங்கிய காசையும் கழித்து, மிச்சத்தில் எங்களுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று பூட்டிக்குத் தெரிந்திருக்குமா என்று சின்னம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துதான் அந்தச் சேலையைக் கேட்டாள் என்று நினைக்கவே எனக்கு விருப்பம். விருப்பத்துக்கு ஆதாரம் கிடையாது.

மின்சாரம் சாயங்காலம்தான் வந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் ஊரிலிருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “வயல்ல பங்கு கேப்பாங்களோ?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அரைமணி கழித்து அவரே அழைத்து, அந்தப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அவர்களுக்கு நம் ஊர்ப் பனங்கற்கண்டு பிடிக்குமா என்று விசாரித்தார். முதல் கேள்வியை இருவருமே மறுபடி எடுக்கவில்லை.

இன்றைக்கும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் செட்டியார் தெருவில் வேலை முடித்துக்கொள்ளலாம் என்று சின்னம்மா என்னோடு வந்தார். நகைக்கடைகளின் வெளிச்சத்துக்கு நடுவே புதிய கதிரேசன் கோயிலில் ஐந்து நிமிடம் நின்றோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொடிமரத்தருகே கைகூப்பி நின்றார். பாட்டி உயிரோடு இருந்தவரை, பூட்டனார் நினைவாக ஆடிவேல் திருவிழாவைப் பார்க்க இந்தத் தெருவுக்கு ஆண்டுதோறும் வருவாராம்.

வெளியே வந்து பிளேன்டீ குடிக்கும்போது எங்கள் குலதெய்வம் யார் என்று கேட்டார். சாஸ்தா என்றேன், பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் கூடுவோம், இந்த ஆண்டு ஏப்ரல் 11இல் வருகிறது என்றேன். வேளாங்கண்ணிக்குப் போவதற்கென்று எடுத்த கடவுச்சீட்டு இன்னும் செல்லுபடியாகும் என்று அவர் உடனே சொன்னதிலிருந்து, இரவெல்லாம் இதைத்தான் யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரேயொரு சிக்கல்: அது தவக்கால வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆகாது. சாஸ்தாவுக்கு வெறும் சர்க்கரைப் பொங்கல்தான், சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவது மறுநாள் என்று நான் விளக்கினேன். கைவிரலில் எண்ணிப் பார்த்தார்.

“அப்ப சனிக்கிழமை சாப்பிடுவம். ஞாயிறு குருத்தோலை மகன், உங்கட ஊர்ப் பக்கம் கோயில் இருக்கா?”

வடக்கன்குளத்தில் இருக்கிறது, காலையிலேயே பஸ் உண்டு என்றேன்.